இரவுக் கூட்டங்களுக்கும் முறை வையுங்கள்

சென்னையிலும் கலிபோர்னியாவிலும் ஆட்களை அமர்த்தி ஒரே குழுவாக நடத்தும் மென்பொருள் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இரு ஊர்களுக்கும் பொதுவான வேலைநேரம் என்று நீங்கள் வகுப்பது பெரும்பாலும் சான் பிரான்சிஸ்கோவின் காலை 9 மணிக்குத் தொடங்குகிறது. கோடையில் அது சென்னைக்கு இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும், இந்தியாவில் அந்த வழக்கம் இல்லாததால், அதே கூட்டம் எங்களில் எவரையும் கேட்காமல் இரவு 10.30-க்கு நகர்ந்து, மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அங்கேயே நிற்கிறது.

லண்டனோடு வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுடைய காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 1.30 அல்லது 2.30 என்பதால், கூடிப் பேச மூன்று நான்கு மணி நேரம் இயல்பாகவே கிடைக்கிறது. கலிபோர்னியாவின் அலுவலக நேரமும் சென்னையின் அலுவலக நேரமும் எந்தப் பருவத்திலும் சந்திப்பதில்லை. யாரோ ஒருவர் வீட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எப்போதும் ஒரே தரப்பு விட்டுக்கொடுப்பது நியாயமில்லை என்பதே எங்கள் முறையீடு.

தண்ணீர் குறைந்த ஏரியில் தலைமடைக்கும் கடைமடைக்கும் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல இதற்கும் முறை வைக்கலாம். ஒரு மாதம் கூட்டம் அங்கே காலை 7 மணிக்கு நடக்கட்டும். எங்களுக்கு அது கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. மறுமாதம் அங்கே மாலை 7 மணிக்கு நடக்கட்டும். எங்களுக்கு அப்போது மறுநாள் காலை 7.30 அல்லது 8.30 ஆகியிருக்கும். அவர்களுடைய வெள்ளி மாலை எங்களுக்குச் சனிக்கிழமை என்பதால், மாலை முறை வரும் மாதங்களில் வெள்ளியன்று கூட்டம் வைக்கக் கூடாது.

இரவுப்படி கொடுக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். மாலையில் வேலைக்கு வந்து இரவில் முடிப்பவருக்கு அது பொருந்தும். காலை 9 மணிக்கே வேலையைத் தொடங்கி, இரவு 10.30 மணிக் கூட்டத்திலும் உட்கார்பவருக்கு நாள் முழுவதுமே அலுவலகமாகிவிடுகிறது. பிள்ளைகளையோ முதியவர்களையோ கவனிக்கும் பொறுப்பு உள்ளவர்கள், பெரும்பாலும் பெண்கள், இதனாலேயே பொறுப்பு மிகுந்த பணிகளை வேண்டாமென்று ஒதுங்குகிறார்கள். ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை சொல்கிறது. உங்கள் ஐரோப்பிய அலுவலகங்களுக்குப் பொருந்தும் அந்த அளவைச் சென்னைக்கும் ஏற்றுக்கொள்ளுங்கள்: இரவு 10.30-க்கு வேலையை முடித்த ஒருவரை மறுநாள் காலை 9.30-க்கு முன் யாரும் அழைக்க வேண்டாம்.

வர இயலாதவர் இல்லாதபோதே முடிவுகள் எடுக்கப்படுவது இன்னொரு குறை. கூட்டத்தில் பேசியதை எழுதி வைத்து, மற்றத் தரப்பின் ஒரு முழு வேலைநாள் கழியும் வரை எந்த முடிவையும் உறுதி செய்யாதிருங்கள். வரும் நவம்பரில் கடிகாரம் மாறுவதற்கு முன்பே இந்த முறையைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சென்னை மென்பொருள் பணியாளர்கள் சிலர்