அமேசான் ஆற்றில் எங்களோடு வந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

அமேசான் ஆற்றையும் அதன் கரையில் வாழும் மக்களையும் படமெடுக்கும் வேலை முடிந்துவிட்டது. பெரு நாட்டில் மரன்யோன், உக்காயாலி என்ற இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் தொடங்கி பிரேசிலின் பெலேம் வரை, சில ஆண்டுகளாகப் பருவம் மாற்றி மாற்றி எடுத்த படங்கள் இவை. கண்காட்சியில் என் பெயர் மட்டும் இருப்பது சரியில்லை என்று தோன்றியதால் இந்த மடல்.

முதலில் எங்கள் படகோட்டிக்கு. வெள்ளக் காலத்தில் வேரோடு பெயர்ந்த மரங்கள் பாதி மூழ்கியபடி மிதந்து வரும். மணல்திட்டு போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் இருக்காது. வரைபடத்தை நம்பிப் பயனில்லை. கரையில் விளக்கை அடித்துப் பார்த்து, நீரின் சுழிப்பைப் பார்த்து, அவர்தான் வழி கண்டுபிடிப்பார். நாங்கள் தொங்குபடுக்கையில் தூங்கிய இரவுகளெல்லாம் அவர் விழித்திருந்த இரவுகள்.

பிரேசில் எல்லையோரத்தில் வாழும் திக்குனா பழங்குடி மக்களின் ஊர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. பழங்குடி நிலத்துக்குள் போக பிரேசில் அரசின் பழங்குடியினருக்கான அமைப்பான ஃபுனாய் அனுமதி தர வேண்டும். படமெடுக்க அந்த மக்களே சம்மதிக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் எங்களை உட்காரவைத்து, படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், விற்றால் பணம் யாருக்கு என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அத்தனையும் நியாயமானவை. பொறுமையாக மொழிபெயர்த்த பள்ளி ஆசிரியைக்கு நன்றி. பெண் பருவமடைந்ததைக் கொண்டாடும் விழாவில், மரப்பட்டைத் துணியால் செய்த முகமூடிகளை எடுக்கலாம், அந்தப் பெண்ணை எடுக்க வேண்டாம் என்று ஒரு பாட்டி சொன்னார். அதனால் தொகுப்பில் அவள் படம் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வேண்டாம் என்றவர்கள் எல்லோருக்கும் இந்த நன்றி சேரட்டும்.

அப்புறம், பிரேசிலின் தெஃபே நகரத்துப் பக்கத்து மீனவர்கள். பிராருக்கு என்கிற பெரிய மீன், மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். அது மேலே வரும் அந்த நொடியை வைத்தே ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்று இவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவாகிறது. அங்குள்ள மமிராவா என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதியில் 1999 முதல் இப்படித்தான் நடக்கிறது; அழிந்துகொண்டிருந்த மீன் மறுபடி பெருகியிருக்கிறது. பல நாள் எனக்கு வெறும் அலைதான் தெரிந்தது. "அங்கே பார்" என்று அவர்கள் கை நீட்டிய பக்கம் கேமராவைத் திருப்பியதால்தான் அந்தப் படங்கள் கிடைத்தன.

2023 வறட்சியிலும் எங்களைக் கூட்டிப்போனது இவர்கள்தான். தெஃபே ஏரியின் நீர் 39 டிகிரியைத் தாண்டிச் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து ஒதுங்கின. மனாவுஸ் நகரில் நீக்ரோ ஆற்றின் மட்டம் 12.70 மீட்டருக்கு இறங்கியது. 1902-இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. அடுத்த வருடம் அதைவிடவும் கீழே போனது. படகு போக முடியாத சேற்றில் குடிநீர்க் கேன்களைத் தோளில் சுமந்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலையிலும் தங்கள் தண்ணீரில் எங்களுக்குப் பங்கு தந்தார்கள். இதை எந்தப் படத்துக்குக் கீழே எழுதினாலும் போதாது.

காய்ச்சலில் கிடந்தபோது விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நுண்ணோக்கியில் மலேரியாவை உறுதிசெய்து, காசு வாங்காமல் மாத்திரை தந்த கிராம சுகாதாரப் பணியாளருக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடித்த லென்ஸைப் பிரித்துத் துடைத்துத் தந்த மனாவுஸ் கடைக்காரருக்கும், மரவள்ளி மாவும் மீனுமாகப் படகில் எல்லோருக்கும் வயிறு நிறையச் சமைத்த அம்மாவுக்கும் நன்றி.

படங்களின் அச்சுப் பிரதிகளை ஊர் ஊராகப் பிரித்துக் கட்டிவைத்திருக்கிறோம். ஆற்றில் நீர் ஏறியதும் படகில் வந்து சேரும்; பள்ளிக்கூடங்களுக்குத் தனிக் கட்டு உண்டு. உங்கள் படமோ உங்கள் வீட்டார் படமோ காட்சியில் வேண்டாம் என்று தோன்றினால், படகோட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். காரணம் கேட்காமல் எடுத்துவிடுவோம்.

மிக்க நன்றியுடன்,
படக்குழுவின் சார்பில்