எள்ளுக்கு உரம் வாங்கும்போது நாலாவது எண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடைக்குப் பின் எள் விதைப்பது பற்றித் தங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரை, ரகங்களையும் விலையையும் நன்றாக விளக்கியிருந்தது. உரத்துக்கு மட்டும் ‘பரிந்துரைப்படி இடவும்’ என்று ஒரே வரி. காவிரி டெல்டாவில் எள் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

‘எள்ளுக்கு எதுக்கு உரம்? சம்பாவுக்குப் போட்டதே கெடக்கும்’ என்ற பேச்சு வலங்கைமான், குடவாசல் பக்கம் சகஜம். இதில் பாதி உண்மை. நெல்லுக்கு இட்ட மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) ஒரு பங்கு மண்ணில் தங்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம் தங்காது. நீர் கட்டி, வடிந்து, காயும் வயலில் அதில் ஒரு பங்கு வாயுவாகவே போய்விடும். கந்தகமும் தண்ணீரோடு இறங்கும், சேற்றில் உருமாறும். கந்தகம் இல்லாத யூரியாவும் டிஏபி உரமுமாகவே போட்டு வளர்த்த வயலில் அதைத் திரும்ப வைப்பாரும் இல்லை. எண்ணெய் வித்துக்கு இந்தக் கந்தகம் மிகவும் வேண்டும். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் (கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளது) என்றால் யோசிக்காமல் போடுகிற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்து விவசாயி, எள்ளும் எண்ணெய் வித்துதானே என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

எள்ளுக்கு உரச்செலவு செய்யக் குத்தகைக்காரர்கள் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது. குத்தகையைச் சம்பாவோடு அளந்தாயிற்று, எள் வந்தவரை வரவு. கோடையில் மாடு அவிழ்த்துவிடுவார்கள், சித்திரையில் ஒரு மழை கொட்டினால் போச்சு என்ற பயமும் உண்டு. அதனால்தான் குறைந்த செலவில் சரியான உரம் எது என்பது அவர்களுக்கு அவசியம் தெரிய வேண்டும்.

இறவை (நீர் பாய்ச்சி வளர்க்கும்) எள்ளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டருக்குத் தழை 35, மணி 23, சாம்பல் (பொட்டாஷ்) 23 கிலோ. ஏக்கருக்கு 14, 9, 9 என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சூப்பர் பாஸ்பேட்டில் கொடுத்தால் சுமார் 58 கிலோ, யூரியா 30, பொட்டாஷ் 15. அந்தச் சூப்பரிலேயே ஆறு கிலோவுக்குமேல் கந்தகமும் வந்துவிடுகிறது. சூப்பர் கிடைக்காவிட்டால் 20:20:0:13 காம்ப்ளக்ஸ் (கலப்பு உரம்) ஒரு 50 கிலோ மூட்டை, கூட யூரியா 9 கிலோ, பொட்டாஷ் 15. மூட்டையில் உள்ள எண்கள் வரிசையாகத் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்; நாலாவதாக நிற்கும் அந்த 13தான் கந்தகம். 17:17:17 மூட்டையில் நாலாவது எண்ணே கிடையாது. டிஏபி வாங்கிவிட்டவர்கள் 20 கிலோவோடு நிறுத்தி, யூரியாவை 22 கிலோவாகக் குறைத்து, கடைசி உழவில் ஒரு மூட்டை ஜிப்சம் சேர்க்கட்டும். ஏக்கருக்கு 2 கிலோ மாங்கனீசு சல்பேட்டையும் உலர்ந்த மணலோடு 20 கிலோவாகக் கலந்து தூவ வேண்டும்.

யூரியாவையும் சூப்பரையும் முதல் நாளே கலந்து வைத்தால் நீர்த்துக் குழம்பாகிவிடும், கைக்கு வராது. இடும்போதுதான் கலக்க வேண்டும். யூரியாவில் பாதியை அடியுரமாகவும், மீதியை, நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்துக் களை எடுத்தபின் ஈரத்திலும் கொடுப்பது நல்லது.

இன்னொரு தவறு மஞ்சளைக் கண்டதும் யூரியாவை அள்ளி வீசுவது. எந்த இலை மஞ்சள் என்று குனிந்து பார்க்க வேண்டும். அடி இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறை. கொழுந்து வெளுத்து அடி இலை பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் கந்தகக் குறை, அதற்கு யூரியா பயன்படாது. வீணாவதோடு போகாது, செடி நீண்டு ஓடும், காய்க்குக் காய் இடைவெளி கூடும், இளந்தழையைத் தேடி இலை பிணைக்கும் புழு வரும். முதிர்வு தள்ளிப்போய் வைகாசி மழையிலும் மாட்டிக்கொள்ளும்.

உரம் சரியாக இருந்தும் விளைச்சல் இல்லையென்றால், செடியைக் கலைக்காமல் விட்டிருப்பார்கள். முளைத்ததைப் பிடுங்க மனம் வருவதில்லை. 15ஆம் நாள் அரையடிக்கு ஒன்று, 30ஆம் நாள் ஓரடிக்கு ஒன்று என்று விட்டால்தான் சதுர மீட்டருக்கு 11 செடி நின்று கிளை கட்டும். நெருக்கிவிட்டால் போட்ட உரம் தண்டுக்குத்தான் போகும். விதை ஏக்கருக்கு 2 கிலோ போதும். நாலு பங்கு மணலோடு கலந்து தூவினால் ஓரிடத்தில் கொட்டாது. ‘எள்ளுக்கு ஏழு உழவு’ என்று பெரியவர்கள் சொன்னதும் அந்தப் பொடி விதைக்காகத்தான். சேற்றுழவு செய்த களிமண் கட்டி கட்டியாகக் கிடந்தால் பாதி விதை மேலே வராது.

குறுவைக்கும் சம்பாவுக்கும் உரம் இருப்பு வைக்கிற கூட்டுறவுக் கடன் சங்கங்கள், தை பிறந்ததும் எள்ளுக்கென்று சூப்பர் பாஸ்பேட்டும் ஜிப்சமும் இறக்கி வைக்க வேண்டும். மாசியில் விதைப்பவர் பங்குனியில் வரும் மூட்டையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வேளாண் துறை இதைக் கவனிக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எள் சாகுபடியாளர்கள் சிலர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.