பார்சல் மேலிருந்த பேர்

மக்கா,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. கூரியர்காரன் பாபநாசத்தோடு நின்றுவிட்டான். செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் கொடுத்து வைத்திருந்தான். பிரஷர் பார்க்கிற மிஷின் உடையாமல் இருக்கிறது. அம்மாவுக்கு வாங்கிய செருப்பு ஒரு சைஸ் பெரிது. ஆனால் கழற்ற மாட்டேன் என்கிறாள், மரச்சீனிக்கிழங்கு பிடுங்கப் போகும்போதும் அதுதான் காலில்.

உன் போன் வந்து 40 நாள் ஆகிறது. குடியிருப்பில் டவர் இல்லை, தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் அணைக்கட்டுப் பக்கம் ஏறி நிற்பேன் என்பதும் உனக்குத் தெரியும். ராத்திரி டூட்டி முடிந்தால் விடிந்த பிறகு ஹாஸ்டலுக்குப் போ. தனியாக நடக்காதே.

பார்சல் மேல் ஒட்டியிருந்த சீட்டை அம்மா அடுப்பில் போடப் பார்த்தாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அனுப்புநர் என்ற இடத்தில் உன் பேர். பெறுநர் என்ற இடத்தில் என் பேர். இரண்டையும் நாலு தடவை படித்தேன். சரி, அதை விடு.

இங்கே ஆடி அமாவாசைக் கூட்டம் போன பிறகுதான் ஆற்றைப் பார்க்க முடிந்தது. சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட வருகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியைத் தாமிரபரணியில் விட்டுவிட்டுப் போகிறார்களே, அதை என்ன செய்வது? நாங்கள் ஏழெட்டுப் பேர் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேலையாக இழுத்துப் போட்டோம். ஈரச்சேலை ஒரு பிணம் கனம் கனக்கிறது. பொதிகையில் இரண்டு மழையும் பெய்வதால் வற்றாத ஆறு. புன்னைக்காயலில் கடல் சேர்கிற வரைக்கும் எத்தனை ஊர் குடிக்கிறது!

அம்மா யானையைப் பற்றி எழுதச் சொன்னாள். 2023 ஜூனில் கம்பத்தில் பிடித்துக் கொண்டுவந்து மேல்கோதையாறு பக்கம் விட்டார்களே, அந்த அரிக்கொம்பன். நம் பக்கம் இறங்கவில்லை, பயப்படாதே. சின்னக்கானலில் அரிசிக்காக வீட்டை உடைத்ததால் வந்த பேர் அது. லாரியில் ஏற்றி மலை மாற்றி விட்டும் அந்தப் பேர்தான். பேரை யாராலும் இறக்கிவிட முடியவில்லை.

டவுனிலிருந்து ஆராய்ச்சிப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். உன் வயதுதான் இருக்கும். சோலைமந்தியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கக்காச்சியில் வெடிப்பலா மரத்தைக் காட்டி, இது பூத்திருந்தால் மந்தி தானாக வரும், நீங்கள் தேடி அலைய வேண்டாம் என்றேன். அரை மணி நேரத்தில் வந்தது, குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. அந்தப் பெண் நோட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டு, “ஐயா, உங்கள் பேரை முழுசாகச் சொல்லுங்கள், போட வேண்டும்” என்றாள். முழுசாகச் சொன்னேன், காணி என்ற நம் குலப்பேரோடு சேர்த்து.

2016-ல் யுனெஸ்கோ அகத்தியமலையை உலக உயிர்க்கோளக் காப்பகங்களில் சேர்த்தபோது ரேஞ்சர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். 2,254 வகைச் செடிகள், அதில் ஏறக்குறைய 400 இந்தப் பக்கத்துக்கே உரியவை என்று. அன்றைக்கு உன்னிடம் சொன்னபோது, “அப்பா, நம்மையும் எண்ணினார்களா?” என்று கேட்டாய். எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால் ஆரோக்கியப்பச்சையைப் பற்றிச் சொல்லு. 1987-ல் மலைக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் வழிகாட்டப் போனபோது, கூட வந்த விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். இவர்கள் மட்டும் ஏதோ பழத்தை வாயில் போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டே இருந்தார்கள். வெளியே சொல்லக் கூடாத செடி. முதலில் தயங்கிப் பிறகு காட்டினார்கள். அதிலிருந்துதான் ஜீவனி என்ற மருந்து வந்தது. 1995-ல் கம்பெனிக்குக் கொடுத்தபோது லைசென்ஸ் பணம் 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம், இரண்டிலும் பாதி காணிகளுக்கு. அதை வாங்க 1997-ல் டிரஸ்ட் வைத்தார்கள். வாங்கியது சரியா தவறா என்று நம் சொந்தத்துக்குள்ளேயே சண்டை உண்டு, அது வேறு கதை. ஆனால் உலகத்தில் எங்கே பழங்குடிகளுக்குப் பங்கு கொடுப்பதைப் பற்றிப் பேசினாலும் காணி என்ற பேரைச் சொல்கிறார்கள். நம் பேர் மக்கா அது.

நேரத்துக்குச் சாப்பிடு. கேன்டீன் சோற்றை நம்பாதே. நெஞ்செலும்பு தெரிகிற மாதிரி வந்து நிற்காதே.

2019 ஜனவரியில், பெண்களும் அகத்தியர்கூடம் ஏறலாம் என்று கோர்ட்டு சொல்லி முதல் ஆள் ஏறியபோது நீ சந்தோஷமாகப் போன் பண்ணினாய். நம் ஆட்கள் கூடாது என்று உட்கார்ந்திருந்தார்கள், நானும் அந்தப் பக்கம்தான். போனை வைத்துவிட்டேன். தப்பு. தாத்தா என்னைத் தோளில் வைத்து அந்த 1,868 மீட்டரும் ஏறினார். மேகம் விலகியதும் மேற்கே கடல் வெள்ளிக்கம்பியாகக் கிடந்தது. உன்னை நான் எந்தத் தோளில் ஏற்றினேன்?

தாத்தா வாசித்த கொக்கரை துருப்பிடித்துப்போய் ஆணியில் தொங்குகிறது. நேற்று எடுத்துத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். இரும்புக் குழாயின் பற்களில் கம்பி உரசியதும் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள். சாற்றுப்பாட்டில் முதல் நாலு வரிக்கு மேல் எனக்கு வரவில்லை. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா ஒளிய இடமில்லாமல் காட்டுக்குள் வந்ததையும், நம் ஆட்கள் மறைத்துக் காப்பாற்றியதற்குக் காணி நிலம் கொடுத்ததையும், அதுவே நமக்குப் பேரானதையும் தாத்தா பாட்டு முடிந்த கையோடு சொல்வார். நீ அவர் மடியில் படுத்துக் கேட்டவள்.

நான் எழுத வந்தது இதில்லை. எழுத வந்ததை எழுதிவிடுகிறேன்.

உன்னை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்றைக்கு அந்த ஆபீஸ் அறையில் நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அங்கே இருந்த சார் அப்பா பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். “காணியா? எத்தனை ஏக்கர்?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மக்கா. சிரித்துவிட்டு, “அது வேண்டாம் சார், வெறும் பேரை மட்டும் எழுதுங்க” என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் குனிந்து, யார் கேட்டாலும் அம்பாசமுத்திரம் என்று சொல், அப்பாவுக்கு ஃபாரஸ்ட் ஆபீசில் வேலை என்று சொல் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சாதிச் சான்றிதழை நாலாக மடித்துப் பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே வைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் தேன் கொண்டுவந்த நாளெல்லாம் வாட்ச்மேனிடம் பாட்டிலைக் கொடுத்துவிட்டு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்று நீ வாங்கிப் போவதைப் பார்த்தேன். என் சட்டையில் புகை வாசம் அடிக்கும் என்று உள்ளே வரவில்லை. அப்பா ஏன் வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

அந்தச் சீட்டில் என் பேரோடு காணி இல்லாததைப் பார்த்து முதலில் கோபம் வந்தது. பெற்ற அப்பன் பேரையே வெட்டிவிட்டாளே என்று அம்மாவிடம் கத்தினேன். அவள், “எழுதச் சொன்னது யாரு?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பதினோரு வயதில் நான் சொன்னதை நீ இன்றைக்கு வரை கேட்டு நடக்கிறாய். உன்னை நான் என்ன சொல்ல?

லீவு கிடைத்தால் வா. ராத்திரி டூட்டி முடித்த கையோடு தூங்காமல் ரயிலேறாதே. பாபநாசத்திலிருந்து கடைசி பஸ்ஸை விட்டுவிடாதே, இந்த மாசம் கரடி நடமாட்டம் அதிகம். செக்போஸ்ட்டில் புது ஆள் இருக்கிறான், உன்னை அவனுக்குத் தெரியாது, பேரும் ஊரும் கேட்பான். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

அப்பா