கிணத்துக் கம்பிவலை

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை நல்லாப் பூத்திருக்கு. அப்பாவின்ர கால் வீக்கம் வத்திட்டுது. நீ போன ஞாயிறும் எடுக்கேல்லை, அதுக்கு முந்தின ஞாயிறும் எடுக்கேல்லை. வேலை கூட எண்டு அப்பாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்.

லண்டன் ஹரோ மாமி கதைச்சவ. உன்ர ஜீபி, அதுதான் குடும்ப டாக்குத்தர், கடிதம் எழுதி, வாற புதன்கிழமை மனநலக் குழுவிட்டப் போகப்போறியாம். மாமியைக் கோவிக்காத. நான் கேக்கேல்லை, அவவாத்தான் சொன்னவ.

நல்ல சேட்டா அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு நேரத்துக்குப் போ. குடிக்கிற குளிசையளைப் பெட்டியோட கொண்டு போ. எப்ப தொடக்கம் நித்திரை இல்லை, எப்ப தொடக்கம் சாப்பாடு இறங்கேல்லை எண்டு ஒரு துண்டில எழுதி வை. அங்க போய் இருந்தா ஒண்டும் ஞாபகம் வராது, பிரஷர் கிளினிக்கில எனக்கு அப்பிடித்தான். இங்கிலீசில நீ கெட்டிக்காரன், அது ஊருக்கே தெரியும். எண்டாலும் தமிழில சொன்னாத்தான் வரும் எண்டா மொழிபெயர்க்க ஆளைக் கேள். காசில்லையாம், முதலே சொல்லி வைக்க வேணும். மாமியைக் கூட்டிக்கொண்டு போகாத.

சேட்டு எண்டு எழுதினது பிழை. சின்னனிலயே அழுதுபோட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒண்டுமில்லை எண்டு வந்து நிக்கிறவன் நீ. அங்கயும் சிரிச்சுப்போட்டு வந்திடாத. சேவ் எடுக்கப் பஞ்சியெண்டா எடுக்காமலே போ. உள்ளபடி பாக்கட்டும்.

பெரியம்மாவின்ர மகள் நேர்ஸ் எல்லோ, ஆருக்கெண்டு சொல்லாமல் அவவிட்டக் கேட்டனான். சாக நினைச்சதுண்டோ எண்டு கேப்பினமாம், எல்லாரிட்டயும் கேக்கிறதாம். ஓமெண்டா ஓமெண்டு சொல்லு. புதனுக்கு முதல் தாங்கேலாமல் வந்தா 111 அடிச்சு 2 ஐ அமத்து, இங்கத்தைய மனநல உதவி நம்பர் 1926 மாதிரியாம். எனக்கும் அடி. அங்க பன்னிரண்டெண்டா எனக்கு விடிய ஐஞ்சரை, முழிச்சுத்தான் இருப்பன்.

இன்னொண்டும் கேப்பினமாம், குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி இருந்ததோ எண்டு. இந்த இடத்தில நாலு தாள் கிழிச்சுப்போட்டன்.

96 சித்திரையில, இடம்பெயர்ந்து இருந்த கொடிகாமத்தால திரும்பி வந்தாப்பிறகு ஆறு மாதம் நான் அடுப்பு மூட்டேல்லை. உனக்கு நாலு வயசு. பெரியம்மாதான் சோறு தீத்தினவ. அம்மாவுக்கு மலேரியா எண்டு உனக்குச் சொன்னம். கிணத்துக்கு அப்பா கம்பிவலை போட்டது நீ எட்டிப் பாக்கிறாய் எண்டு ஊருக்குச் சொன்னம். நீயும் "எனக்காகத்தான் கிணத்தை மூடினவை" எண்டு பெருமையாச் சொல்லித் திரிஞ்சனி. உனக்காக இல்லை தம்பி.

டாக்குத்தரிட்ட ஆரும் கொண்டு போகேல்லை. அங்கொடை மனநோய் ஆசுபத்திரிக் கேஸ் எண்டு பேர் விழுந்தா சின்னம்மாவின்ர கலியாணம் குழம்பிடும் எண்டு பயம். நானும் போகக் கேக்கேல்லை. பிறகு நீ ஓ.எல் படிக்கேக்க நித்திரை வருகுதில்லை எண்டு குசினி வாசலில வந்து நிண்டனி. "உனக்கென்ன விசரோ?" எண்டு கேட்டனான். அது என்னெண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான்.

கேட்டா, அம்மாவுக்கு இருந்தது எண்டு சொல்லு. 1996 எண்டு வருசத்தையும் சொல்லு. மலேரியா எண்டு சொல்லாத.

அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. நானே படமெடுத்து வட்சப்பில போடுறன். குளிசைப் பெட்டியை மறந்திடாத.

அம்மா