சுட்டு வீழ்த்திய வான்கோழியைச் சுமக்க உதவாத வேட்டை வெஸ்ட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிக் கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வான்கோழி வேட்டை வெஸ்டின் முதுகுப்பையில் உள்ள குறைகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பென்சில்வேனியாவின் வசந்தகால வான்கோழி வேட்டைக்காக உங்கள் நிறுவனத்தின் வெஸ்டை (பைகள் வைத்துத் தைத்த கையில்லா மேல்சட்டை) நண்பர்களாகச் சேர்ந்து மூன்று வாங்கினோம். உட்காரும் மெத்தை, வான்கோழிபோல் குரல் கொடுக்கும் கருவிகளுக்கான சிறு பைகள், சத்தம் எழுப்பாத காந்தப் பட்டன்கள் எதிலும் குறையில்லை. பறவை விழும்வரை வெஸ்ட் ஒழுங்காகத்தான் இருக்கிறது. விழுந்த பறவையைக் காட்டிலிருந்து வண்டி வரை கொண்டுவரும்போதுதான் காலை வாருகிறது. விலையில் பெரும்பகுதி அந்த முதுகுப்பைக்காகத்தான் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மற்ற வேட்டைக்காரர்கள் நம்மைப் பறவை என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருப்பதற்கான ஆரஞ்சுத் துணியை, பைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு ஜிப்புக்குள் மடித்து வைத்திருக்கிறீர்கள். பையில் பறவை ஏறியதும் முழு எடையும் அந்த ஜிப்பை அழுத்துகிறது. துணி வெளியே வருவதில்லை. முன்கூட்டியே எடுத்துத் தொங்கவிட்டாலோ, பறவையை நுழைக்கும்போது அதுவும் சேர்ந்து உள்ளே போய் அடியில் மாட்டிக்கொள்கிறது. வெறும் வெஸ்டில் பளிச்சென்று தெரிகிற ஆரஞ்சு, சுமையோடு நடக்கையில் ஒரு அங்குலம்கூடத் தெரிவதில்லை. அது தேவைப்படுவதே அப்போதுதான்.

இது போதாதென்று, பையின் வாயைச் சுற்றிச் சிவப்பு நாடா தைத்து, பக்கத்தில் வெள்ளையும் நீலமுமாக லோகோ ஒட்டியிருக்கிறீர்கள். வசந்தத்தில் சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களிலும் இருக்கும். அதனால்தான் அந்த நிறங்களில் கைக்குட்டை, காலுறை கூட வேண்டாம் என்று வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேட்டைக்காரர்களுக்கென்றே துணி தைக்கும் நிறுவனம் இதைக் கவனிக்காமல் விட்டது எப்படி என்று புரியவில்லை.

பை போதவில்லை என்று தொலைபேசியில் சொன்னபோது உங்கள் பிரதிநிதி, "காலைப் பிடித்துத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போங்கள்" என்றார். உங்கள் விற்பனைப் பக்கத்தில் இருக்கும் படமும் அதையே காட்டுகிறது. செய்யவே கூடாத வேலை அது. தலைகீழாகத் தொங்கும் சேவலின் இறக்கைகள் தாமாக விரியும். ஒவ்வொரு அடிக்கும் தலை ஆடும். இடுப்பளவு மலை லாரல் புதருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் உருவம் தெரியாது, அசைகிற கறுப்பு இறகும் சிவந்த தலையும்தான் தெரியும். பென்சில்வேனியாவில் வசந்தகாலத்தில் பதுங்கிப் போய்ச் சுடுவது சட்டவிரோதம், குரல் கொடுத்து வரவழைத்துத்தான் சுட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எதிரே வருபவர் சட்டத்தை மதிப்பவர்தான் என்பதற்கு யார் உத்தரவாதம்?

அடுத்து அளவு. "பெரிய சேவலும் அடங்கும்" என்று அட்டையில் இருக்கிறது. பையின் அகலம் 14 அங்குலம், ஆழம் 12 அங்குலம். இங்குள்ள கிழக்கத்திய வகைச் சேவல் அலகிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 4 அடி. எடை 18, 20 பவுண்டு சாதாரணம். காலை மடக்கி, தலையை இறக்கைக்கு அடியில் செருகினாலும் உடம்பு மட்டுமே சரியாக அடங்குகிறது. பையின் ஜிப் ஒரு பக்கம்தான் திறப்பதால் வால் வெளியே நீள வழியில்லை. மடங்கி நடுவில் ஒடிகிறது. வால் விசிறியைப் பதப்படுத்தி மாட்ட நினைப்பவர்களுக்கு ஒடிந்த இறகு ஒடிந்ததுதான், ஒட்டவைத்தாலும் கோடு தெரியும். இரண்டு பக்கமும் திறக்கும்படி வைத்திருந்தால் ஒரு பக்கம் வாலும் மறுபக்கம் கழுத்துமாகப் பறவை நேராகப் படுத்திருக்கும், இரண்டின் மேலும் ஆரஞ்சுத் துணியைச் சுற்றலாம்.

கால்முள் விஷயமும் இருக்கிறது. வயதான சேவலின் முள் ஒரு அங்குலத்தைத் தாண்டும், கொக்கிபோல் வளைந்து கூர்மையாக இருக்கும். இறக்கையடிப்பு அடங்கும்வரை காத்திருந்து, துப்பாக்கியைக் காலி செய்து, காலில் டேக் (வேட்டை உரிமத்துக்கான அடையாளச் சீட்டு) கட்டி, அதற்குப் பிறகே பறவையைப் பைக்குள் வைத்தோம். அப்படியும் பையின் மூலையை முள் கிழித்துவிட்டது. அந்த மூலையில் இருப்பது ஒற்றைத் தையல், உள்ளே பட்டை ஏதும் வைத்துத் தைக்கவில்லை. முள் நுழைந்த ஓட்டையிலிருந்து தையல் பிரிந்து, மேடு இறங்குவதற்குள் கைநுழையும் அளவு வாய் பிளந்துவிட்டது. தோள்பட்டையின் பிளாஸ்டிக் கிளிப்பும் ஒரு வெஸ்டில் விரிசல் விட்டிருக்கிறது. கால்முள்ளுக்கு மேலே சுருக்கு மாட்டித் தூக்குவதற்கென்று கூடவே கொடுத்த கயிறோ 3 மில்லிமீட்டர்தான். 20 பவுண்டு தொங்கினால் உள்ளங்கையை அறுக்கிறது. ஒரு அங்குல நைலான் பட்டைக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

கடைசியாகக் கறி. ரத்தம் முதுகில் இறங்காமலிருக்க உள்ளே ரப்பர் பூசிய துணி போட்டிருக்கிறீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் காற்றோட்டத்துக்கு ஒரு துளைகூட இல்லை. உயிருள்ள வான்கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இறகுப் போர்வை அந்தச் சூட்டை எளிதில் வெளியே விடாது, உங்கள் பை அதன் மேல் இன்னொரு போர்வை. மே மாத நடுவில் வெயில் ஏறிய பிறகு இரண்டு மேடு தாண்டி நடந்தால், குறிப்பாகக் குண்டுகள் குடலில் பட்டிருந்தால், கறி கெடத் தொடங்கிவிடும். காட்டிலேயே குடலை எடுத்துவிடலாம். ஆனால் வயிற்றைத் திறந்த பறவையை இந்தப் பையில் வைத்தால் தேங்கும் ரத்தத்திலேயே ஊறும், வடிய அடியில் துளை இல்லையே. முதுகுப் பக்கம் மட்டும் ரப்பர், மற்ற பக்கங்களில் வலைத்துணி என்று வைத்திருந்தாலே போதும்.

எங்கள் கோரிக்கைகள்:

மூன்று வெஸ்டுகளுக்கும் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். அதே மாடலை மாற்றித் தருவதாக இருந்தால் வேண்டாம், குறை தையலில் மட்டும் இல்லை. ஏற்கெனவே விற்ற வெஸ்டுகளின் உரிமையாளர்களுக்கு, பையின் வெளிப்பக்கம் மாட்டக்கூடிய தனி ஆரஞ்சு உறையை இலவசமாக அனுப்புங்கள்; சிவப்பு நாடாவை மறைக்கவோ பிரித்தெடுக்கவோ சொல்லுங்கள். தோளில் பறவை தொங்கும் அந்தப் படத்தை உடனே நீக்குங்கள். தொலைபேசியில் பதில் சொல்பவர்களுக்கு, பறவையை எப்படிச் சுமக்கக் கூடாது என்பதையாவது சொல்லிக்கொடுங்கள்.

கிழிந்த மூலை, விரிசல் விட்ட கிளிப், சுமை ஏற்றிய பையைப் பின்னாலிருந்து எடுத்த படங்கள், ரசீது நகல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளோம். வெஸ்டுகளைத் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் இதே படங்களுடன் புகார் அளிப்போம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்கள்,
பென்சில்வேனியா