லேபிள் மாற்றி ஒட்டியது நான்தான்

அக்கா,

நீங்கள் லேபை விட்டுப் போய் இந்த மார்ச்சோடு ஆறு வருஷம். அன்று மீட்டிங்கில் நடந்தது உங்களுக்கே தெரியும். லேப் பெயரும் சார் பெயரும் இங்கே வேண்டாம், அவருடைய மாணவர்களும் இதைப் படிப்பார்கள்.

போன வாரம் வகுப்பில் தாவும் மரபுக்கூறுகளை, அதாவது ஜீனோமுக்குள் இடம்விட்டு இடம் குதிக்கிற டிஎன்ஏ துண்டுகளை, எடுத்தேன். மனித ஜீனோமில் ஏறக்குறைய 45 சதவீதம் இவற்றிலிருந்து வந்ததுதான் என்றதும் ஒரு பெண் எழுந்தாள்: "இத்தனையும் குதித்தால் நாம் எப்படி மேடம் உயிரோடு இருக்கிறோம்?" அவற்றில் எல்1 என்கிற ஒரு வகை மட்டும் 5 லட்சம் பிரதிகள், அதில் இன்னும் குதிக்கத் தெரிந்தவை சுமார் 100தான் என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் என் வாயில் வந்ததெல்லாம் உங்கள் பேச்சு.

அன்று ஒரு ராத்திரி லேபில், டிஎன்எம்டி3எல் என்ற புரதம் இல்லாத வளர்ந்த எலியின் விரையை வெட்டி வைத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பை என் பக்கம் தள்ளினீர்கள். விந்துச் செல்கள் நெருக்கியடிக்க வேண்டிய குழாய்கள் காலியாகக் கிடந்தன. "இந்தப் புரதத்துக்குத் தானாக மெத்தில் ஒட்டத் தெரியாதுடி. ஒட்டுகிற என்சைமுக்குத் துணை போகும், அவ்வளவுதான்" என்றீர்கள். மெத்தில் என்பது தாவுகிறவற்றை அடக்கிவைக்க டிஎன்ஏமேல் ஒட்டும் வேதிக் குறி. கருவிலிருக்கும் ஆண் எலியின் இனச்செல்களில், பின்னால் விந்தாகப் போகிற செல்களில், பழைய மெத்தில் குறிகள் அழிந்துபோகும். அந்தக் காவலில்லாத நாட்களில் பை-ஆர்என்ஏக்கள் என்ற குட்டி ஆர்என்ஏக்கள் தாவுகிறவற்றின் ஆர்என்ஏவைத் தேடிப்பிடித்து வெட்டவைக்கும், புதுக் குறி விழவேண்டிய இடத்தையும் காட்டும். குறி விழாவிட்டாலும் குட்டி நன்றாகத்தான் பிறக்கும். விந்து உருவாக குரோமோசோம்கள் பாதியாகிற குன்றல் பிரிவு தொடங்கும்போதுதான் செல்கள் மடியும். "தப்பு நடந்தது பிறக்கிறதுக்கு முன்னாடி. தெரியறது இப்போ." சொல்லிவிட்டு ஆறின டீயைக் குடித்தீர்கள்.

அடுத்த வாரம் இரண்டு எலிகளின் வயதை மாற்றி லேபிள் ஒட்டியது நான். மன்னியுங்கள் அக்கா. எனக்கு ஃபெலோஷிப் முடிகிற மாதம், நீட்டிக்க சாருடைய கையெழுத்து வேண்டும், அப்பா வேலையை விட்டிருந்தார். இதெல்லாம் காரணம் ஆகாது என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன்.

ஆனால் மீட்டிங்கில் அந்தத் தப்பு வெளிவந்தபோது நீங்கள் என்னைத்தானே பார்த்தீர்கள்? தெரிந்துதான் பார்த்தீர்கள். அப்புறம் ஏன் "என் தவறுதான் சார்" என்றீர்கள்? யார் கேட்டார்கள் அந்தப் பெருந்தன்மையை? வெளியே வந்து என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். போனைக்கூட எடுக்காமல் போய்விட்டீர்கள்.

நேற்று சாருக்கு எழுதிவிட்டேன், தேதி, எலி எண் எல்லாம் போட்டு. பதில் இன்னும் வரவில்லை.

செல் எண்ண நீங்கள் வைத்திருந்த கவுண்டர் என் மேஜையில் இருக்கிறது. முகவரி அனுப்புங்கள்.