ரேடியோ பாரடைஸ் கேட்கிறவர்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவாகிவிட்டாய், வாழ்த்துகள். இனியாவது மீசைக்கு மை பூசுவதை நிறுத்து. இங்கே எல்லாரும் நலம். சுகன்யாவுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்திருக்கிறது, வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

"இந்த வயதில் என்னடா ராக் மியூசிக்?" என்று கேட்டிருந்தாய். விடுதியில் உன் டேப் ரெக்கார்டரிலிருந்து தொற்றிய நோய்தானே!

இப்போது நான் கேட்பது ரேடியோ பாரடைஸ் என்ற இணைய வானொலி. பில் கோல்ட்ஸ்மித் என்பவர், பல வருடம் எஃப்எம் நிலையங்களில் வேலை பார்த்தவர், மனைவி ரெபெக்காவோடு சேர்ந்து 2000-இல் ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவில் பாரடைஸ் என்றே ஒரு சின்ன ஊர், அங்கே வீட்டிலிருந்தே நடத்தினார்கள். விளம்பரம் கிடையாது. கேட்கிறவர்கள் விருப்பப்பட்டுக் கொடுக்கும் பணத்தில்தான் ஓடுகிறது. ராக்தான் அடித்தளம், ஆனால் நடுவே ஜாஸ் வரும், ஆப்பிரிக்கப் பாட்டு வரும். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது என்பதை மனிதர்கள் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அந்தக் கோர்ப்புக்காகவே கேட்கலாம். அங்கே பகல் பன்னிரண்டு என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். கேட்கிறவர்கள் இப்படி உலகம் முழுக்க இருப்பதால் 'காலை வணக்கம்', டிராஃபிக் நிலவரம் போன்ற பேச்சுக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் உலகம் முழுக்க ரசிகர்கள் என்பது வெறும் பெருமை இல்லை, செலவு. எஃப்எம்மில் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் டவருக்கு ஆகும் கரண்ட் பில் ஒன்றுதான். இணையத்தில் புதிதாக ஒருவர் காது கொடுத்தால் அவருக்கென்று தனியாக டேட்டா அனுப்ப வேண்டும். அதோடு ராயல்டி வேறு, அதாவது பாட்டைப் போடுவதற்குப் பாடியவர்கள் தரப்புக்குக் கொடுக்கவேண்டிய உரிமைத்தொகை. 2002-இல் அமெரிக்காவில் ஒரு பாட்டுக்கு, ஒரு நேயருக்கு, 0.07 சென்ட் என்று நிர்ணயித்தார்கள். கேட்க அற்பமாக இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பார். மணிக்குப் பதினைந்து பாட்டு, நாள் முழுக்க ஆயிரம் பேர் கேட்டால் தினமும் 252 டாலர். அதுவும் 1998-லிருந்து பின்தேதியிட்டு! அங்கே எஃப்எம்காரர்கள் பாடகர்களுக்கு ஒரு காசு கொடுப்பதில்லை, எழுதியவர்களுக்கு மட்டும்தான். சான் பிரான்சிஸ்கோவின் சோமா எஃப்எம், பேர்தான் எஃப்எம், அதுவும் இணைய வானொலிதான், அந்த ஜூனில் ஒலிபரப்பையே நிறுத்திவிட்டது. சின்ன நிலையங்களுக்குச் சலுகை கொடுத்து அந்த வருடக் கடைசியில் ஒரு சட்டம் வந்தது, சோமாவும் திரும்பி வந்தது.

பாடியவர்களுக்குப் பணம் போகவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வீட்டிலிருந்து நடத்துகிறவனிடம் மட்டும் கறாராக இருப்பதுதான் பிடிக்கவில்லை. இணையத்தில் பாட்டுப் போடும் பண்டோரா நிறுவனம் 2007-இல் உரிமச் சிக்கலால் வெளிநாட்டு நேயர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது, நாமெல்லாம் வெளியே. பாரடைஸ் யாரையும் அப்படித் தள்ளவில்லை. காசு கொடுக்காமல் கேட்கிறவனுக்கும் சேர்த்து யாரோ ஒருவர் கொடுக்கிறார். நம் ஊர் அன்னதானக் கணக்குதான். நானும் ரொம்ப நாள் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனவன். போன மாதம்தான் மகளிடம் சொல்லிக் கொஞ்சம் அனுப்பினேன்.

குறையும் சொல்லவேண்டும். கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், பாட்டு மட்டும் பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து. உலக இசைக்குத் தனிச் சேனல் வைத்திருக்கிறார்கள் என்றாலும் முதன்மைச் சேனலில் நம் பக்கத்துக் குரல் ஒன்று வருவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. அப்புறம், பிடித்த ஆல்பத்தை முழுசாகப் போடச் சொல்லிக் கேட்காதே. மூன்று மணி நேரத்தில் ஒரு ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் போடக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே இருக்கிறது.

மருமகனிடம் சொல்லி உன் போனில் போட்டுக்கொள். சரி, தை மாதம் மதுரை வருவதாக எழுதியிருந்தாயே, தேதியைச் சொல். நானும் லீவு போடவேண்டும்.

உன்,
முரளி